நாலு கிலோ கோடு

குருசுக்குப்பம்
9-2-2004, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

மெரின் எழுதுகிறேன். நானும் பாப்பாவும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாய்த்தான் இருப்பீர்கள். சனிக்கிழமை மருந்துக் கடையில் பார்த்தபோது உங்கள் குரலில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டு சுலோசனாவிடம் போன் இருக்கிறது. அங்கே போய் நான் இதைப் பேசினால் தெருவுக்கே கேட்கும். நேரில் வரலாம் என்றால், வந்த அழகைத்தான் பார்த்தேனே.

பாப்பாவுக்கு ஐந்து வாரம் முடிந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், யாரோ மணி அடித்துவிட்டது போல அழ ஆரம்பிக்கிறாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, ஒன்பது மணி வரைக்கும் அழுகை. பால் கொடுத்தாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை. உங்கள் தம்பியோ துலோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார். நான் யாரிடம் போய் நிற்பேன்? என் வீட்டுக்காரரின் சொந்த அக்கா பதினாலு வருஷமாய் மருந்தாளுநராக இருக்கிறார்களே என்று தைரியமாய் முதலியார்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

சுலோசனாவின் தங்கை பிள்ளைக்குக் கொடுத்த வயிற்றுவலி சொட்டு மருந்தைத்தான் கேட்டேன். கடையில் ஏழு பேர் நின்றார்கள், நான் எண்ணினேன். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த வயசுல இதெல்லாம் கேட்டுக்கினு வராத மெரின். குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இருமல் மருந்து கேட்டவர் பக்கம் திரும்பிவிட்டீர்கள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. யாரோ சிரித்தார்கள். கையில் குழந்தையோடு அப்படியே திரும்பி வந்தேன்.

ஒரு பிள்ளையைப் பெற்று நாலு மணி நேரம் அழவிட்டுப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதற்கு மேல் எழுதினால் மரியாதையாக இருக்காது.

ஞானஸ்நானத்துக்கு நீங்கள்தான் ஞானத்தாய் என்று உங்கள் தம்பி எழுதியிருக்கிறார். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் யோசித்துச் சொல்கிறேன்.

கோபத்தோடு, ஆனால் மரியாதை குறையாமல்,
மெரின்


முதலியார்பேட்டை
12-2-2004

அன்புள்ள மெரின்,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா அழுவதைக் கேட்டு வருத்தப்பட்டேன். மற்ற சில வரிகளைப் படித்தும் வருத்தப்பட்டேன். பிள்ளை பெறாதது பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. தம்பிக்கும் எழுத மாட்டேன், பயப்படாதே.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கவுண்டரில் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. முதலாளி கண்ணையன் ஐயா வேறு பின்னால் உட்கார்ந்து, யாரையும் காக்க வைக்காதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உன்னை உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. ஆனால் மருந்து கொடுக்காதது தப்பில்லை. இன்னொரு தரம் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நான் ஒன்றை வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்றாவது நீ நம்பியிருக்கலாம். வேறு கடையில் போய் வாங்கித் தொலைக்காதே.

பால் கொடுக்கும்போது தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி. கொடுத்ததும் படுக்கப் போடாமல் தோளில் போட்டு ஏப்பம் விட வை. அழும்போது தூக்கிக்கொண்டு நட. இந்த அழுகை ஆறு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் குறையும், மூன்று நாலு மாதத்தில் தானாக நின்றுவிடும். காய்ச்சல் வந்தாலோ, பச்சையாய் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரைக்கும் உன் பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஞானத்தாய் விஷயத்தை நன்றாக யோசித்தே சொல். எனக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
அகஸ்டினா


குருசுக்குப்பம்
17-2-2004, செவ்வாய் காலை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சொன்னபடி தோளில் போட்டு நடந்தேன். வாசலிலிருந்து கொல்லை வரை, கொல்லையிலிருந்து வாசல் வரை, என் கால்தான் தேய்ந்தது. காரணம் இருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் காரணத்தை ஒரு வரி எழுத உங்களுக்கு மை தீர்ந்துவிட்டதா? நம்ப வேண்டும் என்றால் நம்புகிற மாதிரி எதையாவது சொல்ல வேண்டாமா?

இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு இல்லை. வழி கிடைத்துவிட்டது.

நீங்கள் கோபித்தாலும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வேறொரு கடையில் அந்தச் சொட்டு மருந்தை வாங்கிவிட்டேன். அவர்கள் எதுவும் கேட்கவில்லை, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். அஞ்சு சொட்டு என்றார்கள். ஆனால் கூட வந்த ட்ராப்பரின் ரப்பர் கிழிந்திருந்தது. ஒரு தரம் சொட்டு வரும், இன்னொரு தரம் கொடகொடவென்று வரும். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறவள் இல்லை. ஞாயிறு பூராவும் புட்டியைத் திறக்காமலே வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் லீவில் வந்த சொல்தா, அவரோடு பட்டாளத்தில் இருக்கிறவர், அவர் கையில் உங்கள் தம்பி பார்சல் கொடுத்தனுப்பினாரே, அதில் தடுப்பூசிக் காய்ச்சலுக்கு ஒரு சிரப் இருந்தது. அதற்குள் ஒரு பிப்பெத். கண்ணாடி மாதிரி பளபளப்பாய், மேலே இழுத்தால் மருந்து ஏறும், பக்கத்தில் கோடு கோடாய் கிலோ போட்டிருக்கிறது. "பாப்பா எத்தனை கிலோவோ அந்தக் கோடு வரைக்கும், யோசிக்கவே வேண்டாம்" என்று அவர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை தடுப்பூசிக்குப் போனபோது எடை பார்த்தார்கள். நாலு கிலோ நூறு. பிரான்சில் எவ்வளவு துல்லியமாய் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நம் ஊரில் குட்டிக் குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் அஞ்சு சொட்டு, அங்கே எடைக்கு எடை.

நேற்று சாயங்காலம் அந்தப் பிப்பெத்தைக் கொதிநீரில் கழுவி, வயிற்றுவலி மருந்தை நாலாம் கோடு வரை இழுத்துக் கொடுத்தேன். பாதிக்கு மேல் துப்பி மேலெல்லாம் கொட்டிக்கொண்டாள். அப்படியும் ஆறு மணிக்குத் தூங்கினவள் விடியும் வரை எழுந்திருக்கவில்லை. பாலுக்குக்கூட அழவில்லை. ஆறு வாரத்தில் நான் முதல் தடவையாகத் தூங்கினேன் அண்ணி. இன்றைக்கும் கொடுக்கப் போகிறேன். காலையிலும் கொடுத்தால் பகலில் அம்மாவும் கொஞ்சம் படுப்பாள்.

தெருவில் எல்லாரும் வந்து பிப்பெத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சுலோசனாவுக்கு இது நிறைமாசம். பிரசவமானதும் தனக்கும் இரவல் கொடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே உங்கள் கடையில் இனி வந்து நிற்க மாட்டேன். ஞானத்தாயாக என் சித்தி மகளைக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
மெரின்


முதலியார்பேட்டை
24-2-2004, செவ்வாய்

அன்புள்ள மெரின்,

பாப்பா பால் குடிக்கிறாளா? நேற்று எத்தனை தடவை துணி நனைத்தாள்? இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற ஆட்டோக்காரர் அம்மாவாசையிடம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி அனுப்பு. மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது, ஆனால் உன் மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு உன் கடிதம் வந்தது. கவுண்டரில் நின்றுகொண்டே படித்தேன். வேறு கடையில் வாங்கினேன் என்ற இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. மேலே படிக்காமல் மடித்து வைத்துவிட்டு ஒருவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். சில்லறை கொடுத்தேன். உனக்குச் சூடாய் என்ன பதில் எழுதலாம் என்று யோசித்தேன். அப்புறம்தான் மீதியைப் படித்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பாலுக்குக்கூட அழவில்லை என்று எழுதியிருந்தாயே. நீ அதைச் சந்தோஷமாய் எழுதியிருந்தாய்.

போன் செய்யலாம் என்று எழுந்தேன். சுலோசனா வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. உனக்குப் பிரசவமானபோது உன் அம்மா சொன்னார்கள், நான்தான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தம்பி பெண்டாட்டி வேண்டுமானால் என்னைக் கூப்பிடட்டும் என்ற பெருமை. கண்ணையன் ஐயா கூப்பிடக் கூப்பிட நான் பாட்டுக்குத் தெருவில் இறங்கி அம்மாவாசை ஆட்டோவை நிறுத்தினேன். பத்தே நிமிஷம் மெரின். பத்து நிமிஷ தூரத்துக்கு நாம் இருவரும் தபால் எழுதிக்கொண்டிருந்தோம்.

நான் வந்தபோது பாப்பா எப்படி இருந்தாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று வாசலிலேயே கையை உதட்டில் வைத்துக் காட்டினாய். முகம் சிவந்து, உதடு காய்ந்து, காலையிலிருந்து துணி நனையாமல், தட்டினால் கண் திறக்காமல், மூச்சு ஓடி ஓடி நின்றது. அது தூக்கம் இல்லை.

இனி, அந்தச் சனிக்கிழமையே நான் சொல்லியிருக்க வேண்டியது. அந்தச் சொட்டு மருந்தில் டைசைக்ளோமின் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது மூச்சையும் தளர்த்திவிடலாம். ஒரு சொட்டுகூடக் கூடாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். கால் நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு பேர் நிற்கிறார்கள் என்று அந்தக் கால் நிமிஷத்தை உனக்குத் தரவில்லை. கடிதத்தில் நிதானமாய் எழுதியிருக்கலாம், அங்கேயும் நம்பவில்லையே என்று ரோஷப்பட்டேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லி உன்னை அடுத்த கடைக்கு அனுப்பியது நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், டாக்டரிடம் காட்ட நான் எடுத்து வந்திருந்த அந்தப் பிப்பெத்தில் நாலாம் கோடு வரை தண்ணீர் இழுத்து, கடையிலுள்ள அளவுக் குப்பியில் விட்டுப் பார்த்தேன். இரண்டரை மில்லி. அவர்கள் சொன்ன அஞ்சு சொட்டு என்பது கால் மில்லி. பத்து மடங்கு. அவள் துப்பித்தான் பிழைத்தாள்.

அந்தக் கோட்டில் தப்பில்லை. அந்தச் சிரப்பின் வீரியத்துக்கு ஏற்றபடி அவர்கள் போட்ட கோடு அது. வேறு மருந்துக்கு அது வெறும் கோடுதான். எந்தப் புட்டியோடு எந்த அளவு வந்ததோ அது அந்தப் புட்டிக்கு மட்டும். உடைந்திருந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டு போக வேண்டும், வீட்டில் இருக்கும் இன்னொன்றை எடுக்கக் கூடாது. நீ அலட்சியமாய் இருக்கவில்லை. ஒழுங்காய் அளக்க வேண்டும் என்று பார்த்துத்தான் தப்பு செய்தாய். இதை ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் திட்டியபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். சும்மா நின்றேன்.

பிப்பெத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அது உன்னுடையது. அந்தச் சிரப் பெட்டிக்குள்ளேயே புட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வை. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதையும் நீயாகக் கொடுக்காதே, டாக்டரிடம் காட்டு. சாயங்காலம் அவள் மறுபடி அழுவாள். அழட்டும். அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது.

தம்பியிடம் சொல்லாதீர்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்தாய். நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவள் நீ.

நாளைக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. எனக்குத் தவம் செய்ய நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அகஸ்டினா


குருசுக்குப்பம்
8-3-2004, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று ஏழு தடவை நனைத்தாள். அம்மா சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுகிறாள். சாயங்காலம் அழுகிறாள், ஆனால் எட்டு மணிக்கே நிறுத்திவிடுகிறாள். அவள் அழும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னெல்லாம் எப்போது நிற்கும் என்று இருக்கும். இப்போது நின்றால் எழுந்துபோய் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

பிள்ளை பெற்றது பெறாதது பற்றி நான் எழுதிய வரியை எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுவேன். அன்றைக்கு ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு கடல் ஓரமாகப் போகும்போது "மூச்சு விடுடி, விடுடி கண்ணு" என்று அவள் மார்பைத் தேய்த்துக்கொண்டே வந்தீர்கள். நான் பெற்றவள், என் கை ஓடவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தெருவில் எல்லாரிடமும் தடுப்பூசிக் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

சுலோசனாவுக்கு ஆண் குழந்தை பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை அவள் புருஷன் அருள்முருகன் வந்து நின்றான். குழந்தை ஓயாமல் அழுகிறது, உங்கள் பிரான்ஸ் பிப்பெத்தைக் கொஞ்சம் கொடுங்கள் என்றான். காணாமல் போய்விட்டது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவன் நம்பிக்கொண்டு போயிருப்பான், என் பேரும் கெட்டிருக்காது. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். புட்டியும் பிப்பெத்தும் நீங்கள் சொன்னபடி ரப்பர் பேண்டுக்குள் இருந்தன. வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பாப்பாவையும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். சுலோசனாவின் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். "காய்ச்சல் இல்ல சுலோசனா. நான்தான் மருந்து மாத்தி அளந்து குடுத்துட்டேன். எம்பொண்ணு செத்துப் பொழைச்சா" என்றேன். கோடு போட்டிருப்பதைக் காட்டி எது எதற்கு என்று சொன்னேன். நீங்கள் எழுதிய மருந்துப் பேரைச் சொன்னேன். முடிக்கும் வரை நிறுத்தவில்லை.

ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சுலோசனா மெல்ல எழுந்து, தொட்டிலுக்குப் பின்னால் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அதே மருந்து. நான் வாங்கிய அதே கடை. மூடி திறக்கவில்லை. பிப்பெத் வரட்டும் என்று வைத்திருந்தார்கள் அண்ணி.

அந்தக் குழந்தைக்குப் பதினைந்து நாள்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அருள்முருகன் அன்றைக்கே குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தான். ஒன்றும் இல்லை, பால் போதும் என்றாராம்.

உங்கள் தம்பிக்கு நானே எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் மருந்து அனுப்பினால், எது எதற்கு என்று தமிழில் சீட்டு எழுதி ஒட்டாமல் அனுப்பக்கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். சாமியாரிடம் ஞானத்தாயின் பேரைக் கொடுத்துவிட்டேன். யோசிக்க நேரம் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்புடன்,
மெரின்


முதலியார்பேட்டை
11-3-2004

அன்புள்ள மெரினுக்கு,

உன் கடிதத்தைக் கவுண்டரில் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணையன் ஐயா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். உன் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு வெகு நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் உன் தெருவில் வந்து ஆயிரம் சொல்லியிருந்தாலும் அந்தப் புட்டி அலமாரியை விட்டு வெளியே வந்திருக்காது. நீ உன் பேரைக் கொடுத்து அதை வாங்கியிருக்கிறாய். எனக்கு அவ்வளவு தைரியம் இருந்ததில்லை.

இப்போது குழந்தைக்கு என்று யார் எது கேட்டாலும், எத்தனை வாரம் என்று முதலில் கேட்கிறேன். வேறென்ன கொடுக்கிறீர்கள், எதால் அளக்கிறீர்கள் என்று கேட்கிறேன். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று அந்தக் கால் நிமிஷத்தில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்க்கிறேன். போன சனிக்கிழமை இருமல் மருந்து கேட்டு நின்ற ஒருவர் முணுமுணுத்தார். நிற்கட்டும் என்று விட்டேன். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறது. யாரையும் காக்க வைக்காதே என்கிறவர்தான் வீட்டிலிருந்து கொண்டு வந்து போட்டார்.

சுலோசனா வீட்டு நம்பரை அம்மாவாசை வாங்கி வந்து கொடுத்தார். போனுக்கு மேலே சுவரில் பெரிதாய் எழுதி வைத்திருக்கிறேன். நான் என் வீட்டிலிருந்து உன் அம்மா வீட்டு வாசல் வரை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டேன். நேற்று விடியற்காலை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாப்பா அழும் சத்தம் கேட்டது. கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஞானத்தாயாக இருக்க எனக்குச் சம்மதம்.

குருசுக்குப்பத்துக்கு நான் எழுதும் கடிதம் இதுதான் கடைசி. இனி எது சொல்வதானாலும் வந்து சொல்கிறேன்.

உன் அண்ணி,
அகஸ்டினா